கம்பனி மேர்ஜ் ஆகுதெண்டா என்ன செய்யணும்: திருகோணமலையில மெடிக்கல் ரெப் வேலைக்கு புதுசா வந்தவங்களுக்கு

தம்பி தங்கச்சிமாருக்கு, அதுவும் இந்த ரெண்டு மூண்டு வருஷத்துக்குள்ள மெடிக்கல் ரெப்பா வந்து கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டை எண்டு ஓடித்திரியிற ஆக்களுக்குத்தான் இத எழுதுறன். "எங்கட கம்பனிய இன்னொரு கம்பனி வாங்கிட்டுதாம்" எண்டு வட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் வந்த உடனே சிலபேர் அது எங்கயோ அமெரிக்காவில நடக்கிறது எங்களுக்கென்ன எண்டு விட்டுருவாங்க, வேற சிலபேர் பயத்தில, எச்.ஆர். நீட்டின பேப்பர்ல அண்டைக்கே கையெழுத்து வச்சிட்டு வந்து நிப்பாங்க. ரெண்டாவதுதான் பெரிய நட்டம். இதில மற்றதெல்லாம் மறந்தாலும் ஒண்ட மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்க, வடிவா வாசிக்காம, விசயம் தெரிஞ்ச ஒராளிட்ட காட்டாம எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து வைக்காதீங்க. ஏனெண்டு கீழ சொல்றன்.

அங்க சேர்ந்தா இங்க ஏன் வேலை போகுது

பெரிய மருந்துக் கம்பனிகள் சேர்றதுக்கு முக்கிய காரணம் பேட்டன்ட் (ஒரு மருந்த குறிச்ச காலத்துக்கு தாங்க மட்டும் செய்து விக்கிற உரிமை) முடியிறது. நல்லா ஓடுற ஒரு மருந்துக்கு பேட்டன்ட் முடிஞ்சா மற்றவங்களும் அதே மருந்த மலிவா செய்ய வெளிக்கிடுவாங்க, வருமானம் ஒரேயடியா விழும். ஃபைசர் கம்பனிட கொலஸ்ட்ரோல் மருந்து லிப்பிட்டருக்கு 2011 நவம்பர்ல அமெரிக்காவில போட்டி மருந்து வரப்போகுதெண்டு முன்னுக்கே தெரியும், அதுக்கு முன்னால 2009ல வையெத் கம்பனிய 68 பில்லியன் டொலருக்கு வாங்கினாங்க. வாங்கிறதுக்குக் குடுத்த காசை எங்கயாவது மிச்சம் பிடிக்கணும்தானே, ரெண்டு கம்பனி ஆக்களும் சேர்ந்த தொகையில 15 வீதம் அளவில குறைப்பம் எண்டு அப்பவே அறிவிச்சாங்க. அதே வருஷம் மேர்க் கம்பனி ஷெரிங் ப்ளோவ சேர்த்தப்பவும் கிட்டத்தட்ட அதே 15 வீதம்தான். 2020 நவம்பர்ல மைலானும் ஃபைசர்ட அப்ஜோன் பகுதியும் சேர்ந்து வியாட்ரிஸ் ஆன உடனே, உலகம் முழுக்க இருந்த சுமார் 45,000 பேர்ல 20 வீதம் வரைக்கும் குறைக்கலாம் எண்டு சொன்னாங்க. எங்கட பார்மசி றாக்கைகள்ள கூடவா இருக்கிறது இந்திய மருந்து, அங்கயும் இதே கதைதான், சன் பார்மா ரன்பக்ஸிய வாங்கிறதா 2014 ஏப்ரல்ல அறிவிச்சு 2015 மார்ச்ல முடிச்சாங்க.

அப்ப திருகோணமலைக்கு இது எப்பிடி வருது? இங்க எங்கள்ள கனபேர் அந்த வெளிநாட்டுக் கம்பனிட ஆள் இல்ல, கொழும்பில இருக்கிற ஏஜென்சிட, அதாவது அந்த மருந்த இங்க இறக்கி விக்கிற உள்ளூர்க் கம்பனிட ஆள். வெளிநாட்டில ரெண்டு கம்பனி சேர்ந்தா இங்க அந்த ரெண்டுக்கும் ரெண்டு ஏஜென்ட் இருப்பாங்க, புதுக் கம்பனி ஒருத்தரத்தான் வச்சுக்கொள்ளும். ஏஜென்சிய இழந்தவருக்கு விக்கிறதுக்கு மருந்து இல்ல, மருந்து இல்லாட்டி ரெப் எதுக்கு? இல்லாட்டி ரெண்டு டீமையும் ஒரே ஏஜென்ட் எடுத்திட்டு, ஒரே டொக்டரப் பாக்க ஏன் ரெண்டு பேர் எண்டு கணக்குப் போடுவாரு. கொழும்பில ஒரு ஏரியாவுக்கு நாலு ரெப் வச்சாலும் தாங்கும், எங்கட மாவட்டத்தில டொக்டர்மார் தொகை குறைவு, அதால திருகோணமலைய மட்டக்களப்போடயோ பொலன்னறுவையோடயோ ஒட்டிட்டு ஒராள மட்டும் விடுறது லேசு. இதில உங்கட திறமைக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. டார்கெட் முழுக்க அடிச்ச ஆளுக்கும் இது நடக்கும், அதால வீட்டில போய் தலையக் குனிஞ்சுகொண்டு இருக்கத் தேவையில்ல.

முதல் வேலை: எந்த மாதிரி மாற்றம் எண்டு கண்டுபிடிங்க

செய்தி வந்த நாளுக்கும் உண்மையா மாறுற நாளுக்கும் இடையில பல மாதம் இருக்கும். ஃபைசர், வையெத் விசயம் ஜனவரியில அறிவிச்சு ஒக்டோபர்லதான் முடிஞ்சது, சன் பார்மாவுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் போச்சு. ஒவ்வொரு நாட்டிலயும் அனுமதி எடுக்கணும், இங்கயும் மருந்துப் பதிவு தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில இருக்கிறதால இறக்குமதி செய்ற ஆள் மாறிறதெண்டா அதுக்கும் நேரம் எடுக்கும். இந்தக் காலம்தான் உங்களுக்குக் கிடைச்ச காலம், வீணாக்காதீங்க.

ஏரியா மனேஜரிட்ட நேரடியா கேக்க வேண்டியது இதுதான்: கம்பனிட பங்குகள வேற ஆள் வாங்குறாரா, இல்ல எங்கட டீமும் மருந்தும் மட்டும் வேற கம்பனிக்குப் போகுதா, இல்ல ஏஜென்சியே கை மாறுதா? பங்கு மட்டும் கை மாறினா உங்கட முதலாளி சட்டப்படி அதே கம்பனிதான், அப்பொயின்ட்மென்ட் லெட்டர் அப்பிடியே செல்லும், புதுசா ஒண்டிலயும் கையெழுத்து வைக்கத் தேவையே இல்ல. டீம் வேற கம்பனிக்குப் போகுதெண்டாத்தான் கவனம் வேணும், ஏனெண்டா புதுக் கம்பனி ஒரு புது லெட்டர் தரும், அதில சேர்ந்த திகதி புதுசா போட்டிருக்கும், நீங்க வேலை செஞ்ச 4 வருஷமும் 6 வருஷமும் அந்த ஒரு வரியில அழிஞ்சு போயிரும். "முந்தின சேவைக்காலம் தொடருது, முந்தின சேர்ந்த திகதி இன்னது" எண்டு எழுத்தில இருந்தா மட்டும் போங்க, இல்லாட்டி பழைய கம்பனிட்ட கணக்க முழுசா தீர்த்து வாங்கிட்டுப் போங்க. வாயால சொல்றத நம்பாதீங்க, சொன்ன மனேஜரே ஆறு மாதத்தில இருக்கமாட்டாரு.

ஒரு ஃபைல் போடுங்க

அப்பொயின்ட்மென்ட் லெட்டர், கன்ஃபர்மேஷன் லெட்டர், சம்பளம் கூட்டின லெட்டர்கள், சம்பள சிலிப் குறைஞ்சது கடைசி ஒரு வருஷத்தது, இன்சென்டிவ் வந்த மெயில், லீவு கணக்கு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம். எல்லாத்தையும் கடதாசியிலயும் எடுங்க, உங்கட சொந்த மெயிலுக்கும் அனுப்புங்க. கம்பனி மெயில் எப்ப பூட்டுவாங்க எண்டு யாருக்கும் தெரியாது, காலமை மீட்டிங் எண்டா மத்தியானம் லொகின் வேலை செய்யாது.

இன்னொரு விசயம் கனபேர் யோசிக்கிறதில்ல. உங்கட பேங்க் ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வருது? கம்பனி சிம்முக்கு எண்டா இண்டைக்கே பேங்குக்குப் போய் மாத்துங்க. சிம்ம திருப்பிக் குடுத்த பிறகு சொந்தக் காசை எடுக்க ஏலாம நிண்ட ஆக்கள எனக்குத் தெரியும். அதே மாதிரி கம்பனி மெடிக்கல் இன்சூரன்ஸ்ல போடவேண்டிய பில் இருந்தா கடைசி நாளுக்கு முன்னுக்கே போட்டிருங்க, அம்மாட கண் ஒப்பரேஷன் பில்ல அடுத்த மாதம் பாப்பம் எண்டு வைக்காதீங்க.

கம்பனிட சேல்ஸ் டேட்டா, ரிப்போர்ட் ஒண்டையும் எடுத்து வைக்காதீங்க. அது அவங்கட சொத்து, பிறகு அதையே உங்களுக்கு எதிரா பாவிப்பாங்க.

மீட்டிங் நாள்

இதத்தான் கொஞ்சம் நீளமா சொல்லணும். கொழும்புக்கு கூப்பிடுவாங்க, இல்லாட்டி ஹபரணையிலயோ தம்புள்ளையிலயோ ஒரு ஹோட்டல்ல வைப்பாங்க. முதல்ல எல்லாரையும் இருத்தி ஒரு பிரசன்டேஷன், பிறகு ஒவ்வொருத்தரா உள்ளுக்கு. மேசையில ஒரு கடிதம் ரெடியா இருக்கும், இங்கிலீசில டைப் அடிச்சு, உங்கட பேரும் திகதியும் மட்டும் வெறுமையா விட்டு. அதில "சொந்தக் காரணங்களுக்காக என்ட பதவியில இருந்து விலகிறன்" எண்ட கருத்தில ஒரு வசனம் இருக்கும். பக்கத்தில இன்னொரு பேப்பர், அதில ஒரு தொகை. எச்.ஆர். ஆள் நல்ல மரியாதையாத்தான் கதைப்பாங்க, "இண்டைக்கு சைன் வச்சா இந்தத் தொகை, நாளைக்கு எண்டா எனக்கு உறுதி தர ஏலாது, ரிசைன் பண்ணினா உங்கட பேருக்கும் நல்லம்" எண்டு.

அந்த ஒரு வசனம் என்ன செய்யுதெண்டு விளங்கிக்கொள்ளுங்க. கம்பனி உங்கள நிப்பாட்டினா சட்டம் உங்கட பக்கம் நிக்கும். நீங்களா விலகினதா எழுதிக் குடுத்தா, நட்டஈடு கேக்கிறதுக்கான கதவை நீங்களே சாத்துறீங்க. விருப்ப ஓய்வு எண்டு வாறதும் அப்பிடித்தான், அதில கையெழுத்து வச்சா நீங்க சம்மதிச்சதா அர்த்தம். சில நேரம் அந்தத் தொகை உண்மையிலயே நல்ல தொகையா இருக்கும், நான் அத வாங்கவே கூடாதெண்டு சொல்லல்ல, கணக்குப் பாத்திட்டு வாங்குங்க எண்டுதான் சொல்றன்.

அந்த அறையில என்ன சொல்லணும்? "சேர், எனக்கு இந்தக் கடிதத்திட கொப்பி ஒண்டு தாங்க, வீட்டில கதைச்சிட்டு எழுத்தில பதில் தாறன்." அவ்வளவுதான். கோவப்படத் தேவையில்ல, அழத் தேவையில்ல, விவாதிக்கத் தேவையில்ல. கொப்பி தரமாட்டம் எண்டா வெளிய வந்த உடனே என்ன தொகை சொன்னாங்க, யார் யார் இருந்தாங்க, எத்தினை மணி எண்டு எழுதி வையுங்க. அண்டைக்குப் பின்னேரமே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்க, "இண்டைய கூட்டத்தில இப்பிடிச் சொன்னீங்க, நான் இன்னும் ஒண்டுக்கும் சம்மதிக்கல்ல, யோசிச்சு பதில் தாறன்" எண்டு மரியாதையா. அடுத்த நாள் வழமை போல வேலைக்குப் போங்க. வராம விட்டா வேலைய விட்டுட்டு போயிட்டார் எண்டு எழுதுறதுக்கு நீங்களே இடம் குடுக்கிறீங்க.

சட்டம் என்ன சொல்லுது, கணக்கு எப்பிடி

1971ம் ஆண்டு 45ம் இலக்கச் சட்டம், வேலையாட்கள வேலையில இருந்து நிப்பாட்டுறது சம்பந்தமானது. 15 பேருக்கு குறையாம வேலை செய்ற கம்பனியில, நிப்பாட்டுறதுக்கு முந்தின 12 மாதத்தில 180 நாளாவது வேலை செஞ்ச ஒராள ஒழுக்கப் பிழை இல்லாம வேற காரணத்துக்கு நிப்பாட்டுறதெண்டா, ஒண்டு அவர்ட எழுத்து மூல சம்மதம் வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகத்திட முன் அனுமதி எழுத்தில வேணும். ரெண்டும் இல்லாம நிப்பாட்டினா அது செல்லாது, திருப்பி வேலையில எடுக்கச் சொல்லியும் கட்டளை போடலாம். கம்பனி ஏன் உங்கட கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படுது எண்டு இப்ப விளங்குதுதானே. 15 பேர் எண்டது திருகோணமலையில இருக்கிற ஆக்கள் இல்ல, கம்பனி முழுக்க இருக்கிற ஆக்கள். அதவிடச் சின்னக் கம்பனி எண்டாலும் தொழில் நியாயசபைக்குப் போகலாம்.

ஆணையாளர் அனுமதி குடுத்து நிப்பாட்டினா நட்டஈட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு. முதல் 5 வருஷத்துக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் ரெண்டரை மாதச் சம்பளம், 6ல இருந்து 14ம் வருஷம் வரைக்கும் வருஷத்துக்கு 2 மாதச் சம்பளம், அதுக்குப் பிறகு படிப்படியா குறைஞ்சு வரும். உச்ச தொகை முதல்ல 12.5 லட்சமா இருந்தது, 2021ல 25 லட்சமா கூட்டினாங்க.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்பம். 8 வருஷம் வேலை செஞ்ச ஒராள், மாதச் சம்பளம் 80,000 ரூபா எண்டு வையுங்க. முதல் 5 வருஷத்துக்கு 12.5 மாதம், மிச்ச 3 வருஷத்துக்கு 6 மாதம், மொத்தம் 18.5 மாதம். 80,000 ஆல பெருக்கினா 14 லட்சத்து 80 ஆயிரம். இப்ப அந்த ஹோட்டல் மேசையில "3 மாதச் சம்பளம் தாறம், சைன் வைங்க" எண்டு 2 லட்சத்து 40 ஆயிரத்த நீட்டினா அது எவ்வளவு குறைவு எண்டு நீங்களே பாருங்க. கணக்குப் போடேக்க இன்சென்டிவையும் பெற்றோல் காசையும் சேர்க்காம போடுங்க, அப்பத்தான் பிறகு ஏமாற்றம் வராது.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) வேற. அது 1983ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம், 15 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற இடத்தில 5 வருஷம் முடிச்சிருந்தா ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம், வேலை முடிஞ்சு 30 நாளைக்குள்ள தரணும். மேல சொன்ன ஆளுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் வரும். நீங்க ரிசைன் பண்ணினாலும் இது உங்கட காசுதான், அதால "பணிக்கொடையும் சேர்த்துத் தாறம்" எண்டு அத ஒரு சலுகை மாதிரிச் சொன்னா தனியா பிரிச்சுக் கேளுங்க. நாலே முக்கால் வருஷத்தில நிக்கிற ஆக்கள் இன்னும் கவனமா இருக்கணும், கடைசித் திகதிய கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிக் கேக்கிறதே பெரிய காசு.

ஈ.பி.எஃப். உங்கட பக்கத்தால 8 வீதம், கம்பனி 12 வீதம். வேலை போச்சு எண்டதுக்காக மட்டும் அத எடுக்க ஏலாது, ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயசு, இல்லாட்டி நிரந்தரமா வெளிநாடு போறது மாதிரி வேற காரணம் வேணும். ஆனா கம்பனி ஒழுங்கா கட்டியிருக்கா எண்டு இப்பவே பாருங்க. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) எண்டது கம்பனி மட்டும் கட்டுற 3 வீதம், வேலைய விட்டா அத எடுக்கலாம், 5 வருஷத்துக்கு ஒருக்காத்தான்.

இங்க எங்க போறது

வேலை செஞ்சது திருகோணமலையில எண்டா கொழும்புக்கு ஓடத் தேவையில்ல, முதல்ல இங்க இருக்கிற மாவட்ட தொழில் அலுவலகத்துக்குப் போங்க, தமிழ்லயே கதைக்கலாம், முறைப்பாட்ட எழுதிக் குடுத்து கொப்பியில சீல் வாங்குங்க. சட்ட விளக்கம் வேணுமெண்டா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வசதி குறைஞ்ச ஆக்களுக்கு இலவசம். ஈ.பி.எஃப். மீதி பத்தி மத்திய வங்கிட பிராந்திய அலுவலகத்திலயும் கேக்கலாம், அதுவும் திருகோணமலையில இருக்கு. இதெல்லாத்துக்கும் காலக்கெடு இருக்கு, "பாப்பம் பாப்பம்" எண்டு தள்ளாதீங்க, நிப்பாட்டின கிழமையே போங்க. டீம்ல நாலஞ்சு பேருக்கு இதே நடந்திருந்தா சேர்ந்து போங்க, தனிய போறதவிட அது நல்லம்.

சாமானத் திருப்பிக் குடுக்கிறது

ஸாம்பிள் பேக், டெப், சிம், ஐடி, மோட்டர் சைக்கிள் எல்லாத்துக்கும் லிஸ்ட் எழுதுங்க. ஸாம்பிள கொட்டி ஒவ்வொண்டாப் பாத்து, மருந்துட பேர், பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி, எத்தினை எண்டு எழுதி, வாங்கிற ஆளிட்ட கையெழுத்தும் திகதியும் எடுங்க. எக்ஸ்பயரி முடிஞ்சதையும் எறியாதீங்க, அதையும் லிஸ்ட்ல போடுங்க. பார்மசிகள்ள காசு சேர்க்கிற வேலையும் உங்கட தலையில இருந்தா, உட்துறைமுக வீதியில இருந்து மூதூர் வரைக்கும் ஒவ்வொரு கடையாப் போய் இன்ன திகதிக்கு இவ்வளவு நிலுவை எண்டு கடைக்காரரிட்ட எழுதி வாங்குங்க. இது செய்யாட்டி கடைசிச் சம்பளத்தில கழிச்சிட்டுத்தான் கணக்கு வரும். சம்பளத்தில கழிச்சு மோட்டர் சைக்கிள் உங்கட பேருக்கு வாற ஸ்கீம் எண்டா அக்ரிமென்ட்ட வாசிங்க, வேலை இடையில நிண்டா என்ன எண்டு அதில இருக்கும். சேர்விஸ் லெட்டரும் எடுக்காத லீவுக்கான காசும் கேட்டு வாங்குங்க.

வீடும் அடுத்த வேலையும்

இலங்கையில வேலை இல்லாதவங்களுக்கு எண்டு மாதாமாதம் தாற காசு ஒண்டும் இல்ல. அதால நட்டஈடு வந்த உடனே லீசிங்க மொத்தமா கட்டி முடிக்க ஓடாதீங்க, ஆறு மாத வீட்டுச் செலவ முதல்ல ஒதுக்குங்க. லோன் கட்ட ஏலாது எண்டு தெரிஞ்சா ஒரு தவணை தவறுறதுக்கு முன்னுக்கே பேங்க் மனேஜரப் போய்ப் பாருங்க, உங்களுக்கு பிணை நிண்ட ரெண்டு பேரும் கூடப் படிச்ச ஆக்களாத்தான் இருப்பாங்க, அவங்களுக்கு பேங்க்கில இருந்து கடிதம் போக விடாதீங்க. வீட்டில மறைக்காதீங்க. காலமை பேக்கையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டு கடற்கரையில போய் இருந்திட்டு வாற பொடியனுகளப் பாத்திருக்கன், அது ஆளை உள்ளுக்க தின்னும்.

வேலை தேடுறதுக்கு நல்ல இடம் எது தெரியுமா, உங்கட பழைய ஏஜென்சிய வாங்கின ஆள்தான். அவருக்கு மருந்து வந்திட்டு, ஆனா புல்மோட்டையில எந்த டொக்டர் எந்த நாள் இருப்பாரு, கிண்ணியாவில எந்த பார்மசி காசை நேரத்துக்குத் தரும், பொது ஆஸ்பத்திரி கிளினிக் எத்தினை மணிக்கு முடியும் எண்டு தெரிஞ்ச ஆள் இல்ல. தமிழோட சிங்களமும் கதைக்கிற ஆள் எண்டா கந்தளாயையும் சேர்த்துப் பாக்கலாம், அது இந்த மாவட்டத்தில பெரிய பலம், சிங்களம் தட்டுத்தடுமாறிற ஆக்கள் இப்பவே பழகுங்க. மருந்து வேலையிலயே நிலைச்சு நிக்க விருப்பமெண்டா பார்மசிஸ்ட் தகுதி எடுத்து இலங்கை மருத்துவச் சபையில பதியிற வழியப் பாருங்க, காலம் எடுக்கும், ஆனா கம்பனி மாறினாலும் அந்தப் பதிவு உங்களோடயே இருக்கும். லேப் சாமான், ஆஸ்பத்திரி உபகரணம் விக்கிற கம்பனிகளும் ரெப் அனுபவத்த மதிப்பாங்க. வெளிநாடு எண்டு யாராவது கூட்டிக்கொண்டு போறம் எண்டா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில அந்த ஏஜென்சி பதிஞ்சிருக்கா எண்டு பாத்த பிறகுதான் பாஸ்போட்டக் குடுங்க.

புது ஏஜென்ட்டிட்ட கதைக்கப் போகேக்க சீ.வி. மட்டும் கொண்டு போகாதீங்க, ஒரு தாளில உங்கட ஏரியா ரூட்ட நாள் வாரியா எழுதிக்கொண்டு போங்க, பழைய கம்பனிட விற்பனைக் கணக்கு ஒண்டும் அதில வேண்டாம், எந்த நாள் எந்த ஊர், எத்தினை டொக்டர், எத்தினை பார்மசி எண்டு மட்டும். மீட்டிங் முடிஞ்ச கிழமையே போங்க, அவர் கொழும்பில இருந்து வேற ஆள அனுப்புறதுக்கு முன்னுக்கு.